போறேன்னு சொல்லிட்டுப் போனா

போறேன்னுதான் சொன்னா. போயிட்டு வர்றேன்னு சொல்லலை. அடுப்படியில நின்னு மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கிட்டு இருந்தேன், வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே "போறேம்மா"ன்னா, நானும் "ம்"னு சொல்லிட்டேன். ம்னு சொல்லிட்டேனே பாவி. இரும்புக் கேட்டோட கொக்கி விழுந்த சத்தம் அடங்கினப்புறம்தான் காதுல உறைச்சுது. பேச வாய் திறந்த நாள்லேருந்து சொல்லிக் குடுத்து வளர்த்த பிள்ளை. பால்வாடிக்குப் போறப்ப "போத்து வாயேன்"னு மழலையில சொல்லும். மாடியில காயப்போட்ட துணியை எடுக்கப் போனாக்கூட போயிட்டு வர்றேன்தான். பதினேழு வயசு வரைக்கும் ஒரு நாள் தப்பலையே, இன்னிக்கு என்ன புதுசா? போறேன்னு யாரு சொல்லுவா? திரும்பி வர்றதா இல்லாதவங்க சொல்லுவாங்க. ச்சீ, வாயைக் கழுவு ராஜகனி, என்ன பேச்சுப் பேசுற. டைப்பிங் க்ளாஸுக்குப் போயிருக்கா, பத்து டு பதினொண்ணு, மெடிக்கல் ஷாப் மாடி, ஏழு நிமிஷ நடை. பதினொண்ணு பத்துக்கு வந்து தண்ணி குடிப்பா. அவ்வளவுதான். இப்ப மணி பத்து எட்டு. எங்க வீட்டுக்காரவுகளுக்குப் போன் போட்டுச் சொன்னா என்ன சொல்லுவாகன்னு தெரியும். ஆப்செட்டு மிஷின் ஓடுற சத்தத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி, போனை வையிடி"ம்பாக. சிவகாசியில பாதி ஆம்பளைங்களுக்கு மிஷின் சத்தத்துல காது மந்தம், அவுகளுக்கு மனசும் சேர்ந்து மந்தம். தினசரிக் காலண்டர் அடிக்கிற மனுசன், கையால அடிக்கிறதையே நம்ப மாட்டாக. "கும்பத்துக்கு இன்னிக்கு லாபம்னு போட்டதும் நாங்கதான், நஷ்டம்னு போட்டதும் நாங்கதான்"னு சிரிப்பாக. விஜிதாவுக்குக் கும்ப ராசி. இன்னிக்குக் காலையில சீட்டைக் கிழிச்சதும் பார்த்தேன், கும்பம் அமைதின்னு போட்டிருந்துச்சு. அமைதியா? என்ன அமைதி? எந்த மாதிரி அமைதி? மத்தவங்களுக்கெல்லாம் வரவு, செலவு, சுகம், மறதின்னு பிரிச்சுப் பிரிச்சுப் போட்டுட்டு எம் பிள்ளைக்கு மட்டும் எதுக்கு அமைதி?

நாலு இட்லி சாப்பிட்டா. அதுதான் இன்னொண்ணு. நேத்து மூணு, இன்னிக்கு நாலு, சட்னி ரெண்டாந் தடவை கேட்டு வாங்கிக்கிட்டா. வேற எந்தத் தாயாவது பிள்ளை நாலு இட்லி சாப்பிட்டதுக்குப் பதறிக்கிட்டு நிப்பாளா? நான் நிக்கிறேன். ஏன்னா ஜோதிமணி அக்கா சொன்னதை என் காதால கேட்டேன். மூணாவது வீடு. போன வருசத்துக்கு முந்தின வருசம் இதே மாதிரி மார்க்கு வந்த மாசம். அவங்க பையன் நவநீதன். எங்க வீட்டு சைக்கிளுக்குச் செயின் மாட்டிக் குடுப்பான், அத்தைன்னுதான் கூப்பிடுவான். அன்னிக்குத் தெருவே அவங்க வாசல்ல நின்னுச்சு. நான் அந்தக்காவைக் கட்டிப் பிடிச்சு உக்காந்திருந்தேன். உக்காந்தவ சும்மா உக்காந்திருக்கணும். "அக்கா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"ன்னு கேட்டுட்டேன். இந்த வாய் இருக்கே இந்த வாய். பிள்ளையப் பறிகொடுத்தவகிட்ட கேக்குற கேள்வியா அது? அந்தக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. கோபமே இல்ல. "நல்லாத்தானே சாப்பிட்டான் ராஜகனி, அழக்கூட இல்லையே"ன்னுச்சு. அந்த ஒரு வரி எனக்குள்ள உக்காந்துக்கிச்சு, இன்னும் எந்திரிக்கலை. நல்லாத்தானே சாப்பிட்டான். அழக்கூட இல்லையே. இவளும் அழலை. மார்க்கு வந்து இன்னியோட இருபத்தி மூணு நாள். மாட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன்னு அஞ்சாப்புலேருந்து சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ, தெருவுல நொண்டுற நாய்க்கெல்லாம் கட்டுப் போட்டவ, கட்ஆஃப் வராதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு செல்போனைக் கவுத்தி வச்சுட்டு "சரிம்மா, விலங்கியல் எடுத்துக்கிறேன், சாப்பாடு போடு"ன்னா. சரிம்மாவா? எட்டு வருச ஆசை, ஒரு சரிம்மால முடியுமா? ஒரு தட்டை வீசலை, கதவைச் சாத்தலை. அவுக பெருமையா "எம் பொண்ணு பக்குவம் பார்த்தியா"ன்னாக. பக்குவமாம் பக்குவம். காயா இருந்தா தொட்டுப் பார்த்துச் சொல்லலாம், பிள்ளை மனசை எங்க தொட்டுப் பார்க்க?

லீவை வீணாக்கக் கூடாதுன்னு வர்றவங்க போறவங்க எல்லாம் சொன்னாங்க. எங்க நாத்தனா சொன்னா, "மதினி, காலேஜ் திறக்க ரெண்டு மாசம் இருக்கு, டைப்பிங்ல லோயர் முடிச்சிரச் சொல்லுங்க, என்னிக்கும் கை குடுக்கும்." டியூஷன் டீச்சர் இங்கிலீஷ் பேசப் பழகச் சொன்னாங்க. எதிர் வீட்டுக்காரி தையல்னா. எல்லாத்துக்கும் தலையாட்டி எல்லாத்துலயும் சேர்த்துவிட்டேன். காலையில ஆறு மணிக்கு யோகா. பத்துக்கு டைப்பிங். மூணு மணிக்குத் தையல். அஞ்சரைக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ். உருப்படியா லீவைக் கழிக்கிறா உங்க பொண்ணுன்னு ஊரே மெச்சுது. உண்மை எனக்குல்ல தெரியும். அவ எதையும் கத்துக்க வேண்டாம் தாயீ, அவ தனியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எந்த ரெண்டு க்ளாஸுக்கும் நடுவுல அவ சும்மா உக்காந்து யோசிக்கக் கூடாது. யோகா டீச்சர் கண்ணுலேருந்து என் கண்ணு, என் கண்ணுலேருந்து டைப்பிங் மாஸ்டர் கண்ணு, அங்கேருந்து தையலக்கா கண்ணு. கை மாத்திக் கை மாத்திப் பார்த்துக்கிட்டே இருக்கணும். "ஏண்டி, பிள்ளைய மிஷின் மாதிரி ஷிப்டு போட்டு ஓட்டுற"ன்னு அவுக கேட்டாக. மிஷினுக்காவது சத்தம் வச்சுக் கோளாறைக் கண்டுபிடிச்சிருவீக, உங்க மகளுக்குக் கண்டுபிடிப்பீகளான்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கலை. கேட்டா சொல்ல வேண்டியிருக்கும். இன்னிக்கு வரைக்கும் அவுககிட்ட அதைச் சொல்லலை. பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டினது நான்தான்னு கூடச் சொல்லலை. துருப்பிடிச்சுக் கழண்டிருச்சுன்னு சொல்லி ஆணியை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டேன். அவ குளிக்கப் போனா நான் வெளிய நின்னு தண்ணி விழுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். சத்தம் நின்னா "விஜி, சோப்பு இருக்கா"ம்பேன். "இருக்கும்மா"ம்பா. அஞ்சு நிமிஷம் கழிச்சு, "துண்டு இருக்கா"ம்பேன். ஒரு நாளைக்கு எத்தனை சோப்பு எத்தனை துண்டு. அந்தக் குரல் வர்ற வரைக்கும் கதவுல காதை வச்சிருப்பேன்.

அலமாரியை வேற ஒழிச்சுட்டா. முந்தாநாள். ஸ்கூல் பையை எதிர் வீட்டுச் சின்னப் பொண்ணுக்குக் குடுத்துட்டா, ஜாமெட்ரி பாக்ஸு, கலர் பென்சிலு, முத்து வச்ச க்ளிப்பு ரெண்டு. "எனக்கு எதுக்கும்மா இனிமே"ன்னா. இனிமேன்னா? ஸ்கூல் முடிஞ்சுபோச்சு அதனால எதுக்குன்னும் அர்த்தம் வரும். வேற மாதிரியும் அர்த்தம் வரும். ஒரு நாள் பேப்பர்ல போட்டிருந்தான், பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்னு, வாசிச்சுட்டு அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அரிசி டின்னுக்கு அடியில வச்சிருக்கேன். பிடிச்ச பொருளைப் பிறத்தியாருக்குக் குடுத்துடறதுன்னு அதுல ஒண்ணு. திடீர்னு அமைதியாயிடறதுன்னு ஒண்ணு. இன்னிக்கு அமைதின்னு காலண்டரே போட்டிருக்கு, அப்புறம் என்ன? மிளகா கிள்ளின கையோட கண்ணைத் தேச்சுட்டேன் போல, எரியுது. எரியட்டும். மணி பத்து இருபது. க்ளாஸ்லதான் இருப்பா. மாஸ்டர் கண்டிப்பான ஆளு. சாப்பிடுறப்பக்கூட தட்டு ஓரத்துல விரலைத் தட்டிக்கிட்டே இருப்பா, ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்னு முணுமுணுத்துக்கிட்டு. "நேத்து என்ன முடிச்ச"ன்னு கேட்டா, "மேல் வரிசை முடிஞ்சு வார்த்தை போட்டாச்சும்மா"ம்பா. அதெல்லாம் சரிதான். சும்மா ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்தா என்ன? கருவேப்பிலை இல்ல. ஆமா, கருவேப்பிலை வாங்கத்தான் போறேன். அந்தப் பக்கம்தான் நல்லாருக்கும். குழம்பு கிடக்கட்டும், அடுப்பை அணை, கதவைப் பூட்டு, குடையை மறந்துட்டேன், இருக்கட்டும், குடை பிடிச்சா மூஞ்சி தெரியாதுன்னு நினைக்கிறியா, தெரியும், நட. என்ன வெயிலுப்பா இது, ரோடு வெள்ளையாத் தெரியுது. எதுத்தாப்புல ரெண்டு பொண்ணுங்க சிரிச்சுக்கிட்டு வர்றாங்க, அவ வயசுதான், சிரிப்பைப் பார்த்தாலே எரிச்சலா இருக்கு, இதுகளும் வீட்டுல நல்லாச் சாப்பிடுதுகளோ என்னமோ, இதுகளைப் பெத்தவங்களுக்கு என்ன தெரியும். மெடிக்கல் ஷாப்பு வந்துருச்சு. பக்கத்துல மாடிப்படி. மேலேருந்து டைப் அடிக்கிற சத்தம் கேக்குது, மழை பேஞ்ச மாதிரி சடசடன்னு. அப்பாடா. கழட்டிப் போட்ட செருப்பெல்லாம் படியில ஏறுவரிசையாக் கிடக்கு. அவளோடது ஊதாப் பட்டை வச்சது. முதப் படியில இல்ல. ரெண்டாவதுல இல்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு, பதினாலு ஜோடி எண்ணிட்டேன், ஊதாப் பட்டை இல்ல. திரும்ப எண்ணு. ஊதா இல்ல. வேற செருப்பைப் போட்டுட்டு வந்திருப்பாளோ? வேற செருப்பு ஏது அவளுக்கு?

மேலேருந்து ஒரு பொண்ணு நோட்டைக் கையில வச்சுக்கிட்டு இறங்குது. "பாப்பா, உள்ள விஜிதா இருக்காளா? பத்து மணி பேட்சு." அது கொஞ்சம் யோசிச்சுச்சு. "விஜிதா அக்காவா? அவங்க பதினஞ்சு நாளா வர்றதில்லையே ஆன்ட்டி"ன்னு சாதாரணமாச் சொல்லிட்டுச் செருப்பைத் தேடுது. பதினஞ்சு நாளு. அப்ப தட்டு ஓரத்துல தட்டின விரலு? மேல் வரிசை, வார்த்தை, எல்லாம்? எனக்காகவா தட்டினா, நான் பார்க்கணும்னா? அடிப்பாவி. எந்தப் பக்கம் போறது? போறேன்னு சொன்னாளே, எங்க போறேன்னு சொன்னா? கருப்பசாமி, எம் பிள்ளையக் கண்ணுல காட்டு. போன் எடு. போட்டு, அவ எடுக்காம போயிட்டா? எடுக்காமப் போனா அப்புறம் நான் என்ன பண்ணுவேன், எடுக்கலைன்னு தெரியாம இருக்குற வரைக்கும்தானே எனக்குத் தெம்பு. போனை மடியில செருகிட்டு ரோட்டுக்கு வர்றேன். தபால் ஆபீஸுக்கு எதுத்தாப்புல பஸ் நிக்கிற இடம், தகரக் கூரை போட்டு பெஞ்சு. பெஞ்சு ஓரத்துல உக்காந்திருக்கா. எம் பிள்ளைதான். ஊதாப் பட்டை செருப்பு காலுக்குக் கீழ கிடக்கு, வெறுங்காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. பக்கத்துல யாரும் இல்ல. பையன் கியன் யாரும் இல்ல, அதை நினைச்சு ஒரு நிமிஷம் வருத்தமாக்கூட இருந்துச்சு, ஒரு பையன் இருந்திருந்தா ரெண்டு அறை விட்டு வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன், சுலபமாப் போயிருக்கும். போன் பார்க்கலை. ஒண்ணும் பண்ணலை. சும்மா உக்காந்திருக்கா. பூட்டிக் கிடக்குற ஜெராக்ஸ் கடை வாசல்ல ஒதுங்கி நிக்கிறேன். பஸ் வருது. பஸ்ஸுன்னா அவ ஏறிப் போயிருவாளோ, இல்ல, அய்யோ, அதை நினைக்காத. பஸ் வந்து அவளை மறைச்சுது. எண்ணுறேன், ஒண்ணு, ரெண்டு, ஒன்பது. பஸ் நகருது. இருக்கா. இன்னொரு பஸ், சாத்தூர் பஸ்ஸு. மறைச்சுது. நகருது. இருக்கா, முடியை ஒதுக்கிவிடுறா. மூணாவது பஸ்ஸுல ஆளு ஏறி முடியலை, மூட்டை ஏத்துறாங்க, கண்டக்டர் சண்டை போடுறான், சீக்கிரம் போய்த் தொலைங்கடா. கிளம்பிருச்சு. பெஞ்சு காலியாக் கிடக்கு.

கத்திட்டேனா என்னன்னு தெரியலை. மடியில போன் அடிக்குது. விஜி. "அம்மா"ங்கிறா. குரலு பக்கத்துலேருந்து பேசுற மாதிரி இருக்கு. "அம்மா, வெயில்ல நிக்காத. அந்த ஷட்டர்ல சாயாத, சுடும்." "எங்கடி இருக்க?" "வெள்ளரிக்கா வண்டிக்குப் பின்னாடி. தெரியுதா?" தெரியுது. தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம், பத்தை போட்ட வெள்ளரிக்காயைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா. மிளகாப்பொடி தூவினது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டலை, பார்க்குறா, அவ்வளவுதான். "எப்படி, எப்ப என்னைப் பார்த்த?" "படியில செருப்பு எண்ணினியே, அப்பவே. தையல் க்ளாஸுக்கும் போன வாரம் மூணு நாள் வந்த. மஞ்சப் பையால மூஞ்சியை மறைச்சுக்கிட்டு." "அது, கருவேப்பிலை வாங்கத்தான்…" "சரிம்மா." இந்தச் சரிம்மா. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "ஏண்டி காலையில போறேன்னு சொன்ன? போயிட்டு வர்றேன்னு சொல்ல வாய் வலிக்குதா உனக்கு?" "எப்ப சொன்னேன்?" "செருப்பு மாட்டுறப்ப!" அவ யோசிக்கிறது இங்கேருந்தே தெரியுது. "அம்மா, வாயில க்ளிப்பு இருந்துச்சும்மா. கொண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். க்ளிப்பைக் கடிச்சுக்கிட்டு அவ்வளவு நீளமா எப்படிச் சொல்றது?" க்ளிப்பு. நான் சிரிச்சேனா அழுதேனான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு தாயும் மகளும் போன்ல பேசுறோம், பார்க்குறவன் என்ன நினைப்பான். "க்ளாஸுக்கு ஏன் போகலை?" ஒரு லாரி போச்சு. அப்புறம் சொன்னா. "ஒரு மணி நேரம்மா. அந்த ஒரு மணி நேரம்தான் என்னை யாரும் பார்க்காம இருக்காங்க."

அவளே பேசுறா. "மார்க்கு வந்தப்புறம் இங்க உக்காந்துதான் அழுதேன். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க அழுதா யாரும் கேக்க மாட்டாங்க. வீட்டுல எங்கம்மா அழுறது? நான் அழுதா நீ தாங்க மாட்ட." அழுதிருக்கா. எம் பிள்ளை அழுதிருக்கா, அழலை அழலைன்னு இருபத்தி மூணு நாள் நான் தூங்காம கிடந்தேன், அவ இந்தத் தகரக் கூரைக்கு அடியில முகம் தெரியாதவங்க நடுவுல அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு, பதினொண்ணு பத்துக்கு வந்து எனக்காகத் தட்டுல விரலைத் தட்டியிருக்கா. "அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டா? நீ என்னைப் பார்க்குறல்ல, பாத்ரூமுக்கு வெளிய நின்னு மூச்சு விடுறல்ல. எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீ பார்க்குறதைப் பார்த்து, எனக்குள்ள நெசமாவே அப்படி ஏதோ இருக்கு போல, எனக்குத் தெரியலை, அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு பயமா இருக்கும்மா. என்னையே நான் சந்தேகப்படுறேன்." இதைச் சொல்றப்ப அவ குரலு உடையலை, என்னோடதுதான் உடைஞ்சுது. நவநீதன் பேருதான் வாய்க்கு வந்துச்சு, சொல்லலை, அவளுக்கும் தெரியும், சைக்கிள் செயின் அவளோடதைத்தானே மாட்டினான். "நெசமா ஒண்ணும் இல்லையேடி?"ன்னு கேட்டேன். கேட்டே ஆகணும், எனக்குக் கேக்காம முடியாது. "கஷ்டமா இருக்கும்மா. ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா அது இல்லம்மா. அது வந்தா உங்கிட்ட சொல்லுவேன்." "சத்தியமா?" "சத்தியமா." "இன்னும் எவ்வளவு நேரம் உக்காந்திருப்ப?" "பதினொண்ணு வரைக்கும். தினம் அப்படித்தான்." மணி பத்து நாப்பது. "தலையில துப்பட்டாவைப் போட்டுக்க"ன்னேன், வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு. "நீ போம்மா"ன்னா. போனை அவ வைக்கலை, நான் வைக்கட்டும்னு காத்திருக்கா, காதுல அவ வெள்ளரிக்கா கடிக்கிற சத்தம் கேக்குது. வச்சுட்டேன். வீட்டுப் பக்கம் திரும்பிட்டேன். இவ சொன்னதெல்லாம் நெசம்தானா, இல்ல என்னை அனுப்பி வைக்கிறதுக்காகச் சொன்னதா? தட்டுல விரலைத் தட்டினவதானே? அந்த நவநீதனும் கேட்டிருந்தா இப்படித்தான் தெளிவாப் பேசியிருப்பானோ, ஜோதிமணி அக்காகிட்ட யாரும் சத்தியம் பண்ணலையே, பண்ணியிருந்தா நம்பியிருக்குமோ? தெரியலை. எனக்கு எதுவும் தெரியலை. ஒரு தடவை திரும்பிப் பார்த்தா போதும், பெஞ்சுல உக்காந்திருக்காளான்னு தெரிஞ்சிரும், அவளும் நான் திரும்பினதைப் பார்த்துருவா. இரும்புக் கடை தாண்டிட்டேன், மாவு மில்லு தாண்டிட்டேன். பின்னால பஸ் ஒண்ணு வந்து நிக்கிற சத்தம் கேக்குது, பிரேக்கு கிறீச்சுங்குது, கழுத்து வலிக்குது, நான் நடந்துக்கிட்டு இருக்கேன்.